இருநூற்றுப் பன்னிரண்டு ஊமைப் படங்கள்

மார்ச் 4, செவ்வாய். காலை 9.40. படங்கள் 212.

அத்தனையையும் கெடுக்கச் சொல்லிவிட்டார் மேலாளர்.

லிஃப்ட் கம்பெனியின் பழுதுபார்ப்புக் கையேடு, புதிய பதிப்பு. எக்ஸ்எம்எல்லில் ஒழுங்காகக் குறியிட்டு வந்திருக்கிறது; நாங்கள் மின்னூலாக்கித் தர வேண்டும். படமெல்லாம் எஸ்விஜி. அதாவது, 'இங்கிருந்து அங்கே கோடு போடு, இந்த இடத்தில் ரிலே 3 என்று எழுது' என்கிற கட்டளைகள். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கத்தி மாதிரி நிற்கும். அதைப் புள்ளி புள்ளியாக உடைத்து, பெரிதாக்கினால் மங்கிப்போகிற பிஎன்ஜி படமாக வைக்கணுமாம். சுடச்சுடச் சோற்றை வைத்துக்கொண்டு அதன் போட்டோவைப் பரிமாறுகிற புத்தி.

மேலாளருக்கு ஆபீஸில் சுருக்குப்பை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சுருக்கித்தான் அனுப்புவார். "எஸ்விஜி போட்டா வெறும் வெள்ளைக் கட்டம்தான்யா தெரியும். எட்டு வருஷமா பாக்கறேன்." எட்டு வருஷமாகப் பார்க்கிறார். ஏன் என்று ஒரு நாளாவது பார்த்தாரா?

மார்ச் 5

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் டேப்லெட்டை மூக்கில் இடிக்காத குறையாகப் பிடித்திருந்தார். அதே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். போன வருஷம் கம்பி தெறித்து இடது கண் போயிற்று. வலது கண்ணில் பாதிப் பார்வை. இனி மேலே ஏற முடியாது. ஃபோனில் உட்கார்ந்து மற்ற மெக்கானிக்குகளுக்கு வழி சொல்கிற வேலை தருகிறார்கள், 24ஆம் தேதித் தேர்வில் தேறினால். தேறாவிட்டால் வீடுதான்.

"மாப்ள, இந்த ரிலே சுவிட்ச் மூணா எட்டா?"

பார்த்தேன். எங்கள் ஆபீஸ் செய்த பழைய பதிப்பு. எனக்கே தெரியவில்லை.

"மூணுதான் அத்தான். நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? மேல ஒருத்தன் தொங்கிட்டிருப்பான். அவன்கிட்டயும் 'நினைக்கிறேன்'னு சொல்லவா?"

அக்கா உள்ளிருந்து, "எந்தப் புண்ணியவான் பண்ண புஸ்தகமோ!" என்றாள். எழுந்து செருப்பைத் தேடினேன் நான்.

மார்ச் 7

வெள்ளைக் கட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மின்னூலில் எந்தக் கோப்பு என்ன வகை என்று படிக்கிற கருவிக்குச் சொல்ல வேண்டும். மின்னூலாக மாற்றுகிற எங்கள் நிரலில் எவனோ ஒரு சோம்பேறி எல்லாப் படத்துக்கும் 'பிஎன்ஜி' என்றே எழுதி வைத்திருக்கிறான். எஸ்விஜியைக் கொடுத்துவிட்டு இது பிஎன்ஜி என்றால் அந்தக் கருவி என்ன செய்யும், பாவம்? வெள்ளையாக முழிக்கும். ஒரு வரி. ஒரே ஒரு வரி! இதற்கு எட்டு வருஷம் கருவியைத் திட்டியிருக்கிறார்கள். த்தூ.

மார்ச் 11

சுருக்குப்பை ஒத்துக்கொண்டது. ஒரு தொல்லை: சோதனைக் கருவி ஒன்றில் ஃபாண்ட் மாறி, எழுத்து கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஃபாண்ட்டோடு மல்லுக்கட்ட யாருக்குப் பொறுமை? எல்லா எழுத்தையும் வளைகோடாக மாற்றிவிட்டேன். 'ரிலே 3' இனி எழுத்தில்லை, எழுத்து மாதிரி வரைந்த கோடு. எங்கேயும் நகராது. 212 படமும் பத்தே நிமிஷத்தில். அனுப்பியாயிற்று.

மார்ச் 13

லிஃப்ட் கம்பெனி புதிய பதிப்பை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. அத்தான் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், திரை முழுக்க ஒரே ஒரு 3. "அடேங்கப்பா, செவுத்துல எழுதின மாதிரி இருக்கே!" நான் செய்தது என்று அப்போதுதான் சொன்னேன். அக்கா காபியை எனக்கு முதலில் கொடுத்தாள்.

கால் மணியில் அத்தானுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. இப்படித்தானாம் தினமும், அதற்குமேல் கண்ணை மூடிக்கொண்டு, டேப்லெட்டை வாசிக்க விட்டுக் கேட்பாராம். பத்தியெல்லாம் வாசித்தது. படம் வந்தது.

"படம்" என்றது டேப்லெட்.

ரிலேமேல் விரலை வைத்தார். ஒன்றுமில்லை. நகர்த்தி வைத்தார். ஒன்றுமில்லை.

"உன் படம் ஊமையா இருக்கே மாப்ள."

வரைந்த கோட்டை அது எப்படி வாசிக்கும்? எழுத்தை அழித்தவன் நான். சுருக்குப்பைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தே சோம்பேறித்தனம். சீ.

மார்ச் 14

படங்களைத் திருத்தித் தருகிறேன் என்றேன். சுருக்குப்பை: "வாடிக்கையாளர் ஓகே சொல்லிட்டார். இனிமே கைய வச்சே, கைய உடைச்சிருவேன்." சரி. வீட்டில் வைப்பேன்.

மார்ச் 17

மூலப் படங்களைத் திரும்ப எடுத்தேன். எழுத்து எழுத்தாகவே இருக்க, ஃபாண்ட்டை மின்னூலுக்குள் சேர்த்தேன். படத்தைத் தனிக் கோப்பாக வைக்காமல் அத்தியாயத்துக்குள்ளேயே பதித்தால்தான் வாசிக்கும் குரல் உள்ளே நுழைகிறது. அது மட்டும் போதவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் வேண்டும். 'மின்சுற்றுப் படம்' என்று எழுதினேன்.

அத்தான் சிரித்தார். "மனுஷன்னு எழுதிட்டு ஃபோட்டோ ஒட்டின மாதிரி இருக்கு. எழுது: கதவு மூடலைன்னா ரிலே 3 சேராது. சேரலைன்னா மோட்டார் ஓடாது. முதல்ல கதவைப் பாரு."

அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

மார்ச் 22

180 முடிந்தது. நான் தலைப்பைச் சொன்னாலே, படத்தைப் பார்க்காமல் பாதியைச் சொல்லிவிடுகிறார்.

மார்ச் 24

தேர்வு. பக்கத்து அறையிலிருந்து ஒருத்தர் மெக்கானிக் மாதிரி ஃபோனில் கத்தினாராம். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு, காதில் ஒரு பக்கம் டேப்லெட், ஒரு பக்கம் ஃபோன். "முதல்ல கதவைப் பாருய்யா" என்றாராம்.

மார்ச் 26

தேறிவிட்டார். அக்கா ஃபோனில் அழுதாள், நடுவில், முதலிலேயே இப்படிச் செய்யாததற்கு என்னைத் திட்டவும் செய்தாள்.

தேர்வில் பார்த்துவிட்டு, லிஃப்ட் கம்பெனி அத்தானிடமிருந்த பதிப்பையே எல்லோருக்கும் கேட்கிறது. 'பேசுற படம்' தன்னுடைய யோசனை என்று மீட்டிங்கில் சுருக்குப்பை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே நோட்டில் பட்டியல் போட்டேன்.

இனி:

1. மாற்றுகிற நிரலில், எழுத்தை வளைகோடாக்கும் பொத்தானை எடுத்துவிடுவது.
2. எந்த மின்னூலையும் கண்ணை மூடி ஒரு முறை கேட்காமல் அனுப்புவதில்லை.
3. படம் 97 விளக்கம் நானாக எழுதியது. அத்தான் தப்பு என்கிறார். திருத்துவது.
4. மின்னூலின் முதல் பக்கத்தில் 'பட விளக்கம்' என்று அத்தான் பெயரைப் போடுவது. சுருக்குப்பை எடுக்கச் சொன்னால், ஐந்து.
5. ராஜினாமா.