திரும்பும் டிக்கெட் இல்லாத விருந்தாளி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், நடந்ததை வைத்து அதில் மாற்றம் ஒன்றுமில்லை. ஃபோனில் நீ பேசும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் வந்து நிற்கிறாள், உனக்கும் வேலைக்கு நேரமாகிவிடுகிறது, அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். நாம் இருந்த வீட்டை நான் காலி செய்ததும் வீட்டுக்காரம்மா வெள்ளையடித்து வேறு ஆளுக்கு விட்டுவிட்டாள், தையல் மெஷினை நீ விற்கச் சொன்னாய், அதையும் விற்றாயிற்று. இங்கே அயர்ன் பண்ணும் மேசைக்கும் பீரோவுக்கும் நடுவில் படுத்துக்கொள்கிறேன், இரவில் திரும்பிப் படுத்தால் பீரோ கதவு சத்தம் போடும் என்பதால் ஒரே பக்கமாகப் படுக்கப் பழகிவிட்டேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் எழுந்து நடந்தால் டிவி சத்தத்தைக் குறைக்கிறார், அவ்வளவுதான். அக்காதான் முதல் நாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு குக்கர் கூட வைக்காம எல்லாத்தையும் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் குடுத்துட்டுப் போனியே, இப்ப அவளா வந்து வச்சுக்கப் போறா உன்னை" என்றாள். சொல்லிவிட்டு அவளே தட்டு வைத்துச் சாப்பாடும் போட்டாள். அவள் வாய் அப்படி, உனக்குத் தெரியாததா.

அன்றைக்கு நான் என்ன உளறித் தொலைத்தேன் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், சொல்கிறேன் கேள். நீ சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்தேன். திரும்பும் டிக்கெட்டை இப்போதே வாங்கினால் காசு தண்டம், எப்போது திரும்புவாய் என்றே தெரியாதே, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், கேட்டால் பதினைந்து நாள் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல் என்றாய். இங்கே விமானம் ஏறும் இடத்தில் ஒரு பெண் டிக்கெட் எங்கே என்றாள், மகன் வைத்திருக்கிறான் என்றேன், விட்டுவிட்டாள். அங்கே இறங்கியதும் கவுண்டரில் இருந்த அதிகாரி அப்படி விடவில்லை. உன்னைவிடச் சின்ன வயசுதான், மரியாதையாகவே பேசி என்னை ஒரு அறைக்கு அழைத்துப் போனான். நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். எனக்கு முன்னாலேயே அங்கே நம் பக்கத்துக் கொத்தனார் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், அவரும் திரும்பும் டிக்கெட் இல்லாமல் வந்தவர்தான். "சுத்திப் பாக்க வந்தேன்னு சொன்னேம்மா, உடனே கையைக் காட்டச் சொல்லிட்டான். இந்தக் காய்ப்பை வச்சுக்கிட்டு விருந்தாளின்னா எவன் நம்புவான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கே நான் சிரித்தது அது ஒன்றுதான்.

பிறகு நம் பாஷை தெரிந்த ஒரு பெண் வந்தாள், அவர்கள் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது அவள் வேலை. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். குழந்தைக்கு நான் தைத்த துணிகளை அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து, சின்னதில் ஆரம்பித்துப் பெரியது வரை மேசையில் வரிசையாக வைத்தான். கடைசியில் இருந்தது மூன்று வயசுக்கான கவுன், பை வைத்துத் தைத்தது. குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டான், நாலு மாசம் என்றேன். அப்படியானால் இது யாருக்கு என்றான். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடச் சீருடை தைத்தே வயசானவள், துணியைப் பற்றிக் கேட்டால் பதினைந்து நாள் கணக்கெல்லாம் நினைவில் நிற்காது. எல்லாத் தையலிலும் உள்ளே துணி விட்டிருக்கிறேன், குழந்தை வளர வளர நானே பிரித்து அளவு சரிசெய்து கொடுப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் மாற்றிச் சொன்னாள், அவன் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டான். இதுதான் நான் செய்த தப்பு, இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதன் பிறகு, குழந்தையோடு வெளியே காத்திருந்த உனக்கு ஃபோன் போட்டார்கள். அவர்கள் பாஷையில் பேசினால் எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பாய். ஆனால் என்னைப் பற்றிப் பேசுவதை எனக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே விதியாம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "உங்க மகன் சொல்றாரு, அவர் வேண்டாம்னு எவ்வளவோ தடுத்தாராம், நீங்கதான் அங்கேயே வந்து ஒட்டிக்கணும்னு அடம்பிடிச்சீங்களாம். உங்களுக்கு அவர் பொறுப்பு இல்லையாம்." மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆளில்லை, வந்துவிடும்மா என்று நீ ஃபோனில் அழுததை நான் அங்கே சொல்லியிருந்தால் உன் விசாவுக்கு ஆபத்து என்று எனக்கும் தெரியும். ஆமாம், நான்தான் அடம்பிடித்தேன் என்றேன். என்னைத் திரும்ப விமானத்தில் ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அதிகாரி தானாகவேதான் சொன்னான், நான் கேட்கவில்லை. தலையை வாரிக்கொண்டு கண்ணாடி ஓரமாக நின்றேன். அந்தப் பெண் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஃபோனை வைத்ததுமே உங்கள் மகன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம் என்றாள். உன்னையும் உள்ளே கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று பயந்திருப்பாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் பயம் உண்டு.

இப்போது திரும்பும் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கித் தருகிறேன், வேறு ஏர்போர்ட் வழியாக வா, முன்பு ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டால் மகனுக்கு எதுவும் தெரியாது, நானேதான் வந்தேன் என்று சொல் என்கிறாய். கேட்டால் அப்படியே சொல்கிறேன், எந்த ஆபீசில் கேட்டாலும் சொல்கிறேன், உன் பிழைப்பில் மண் விழாது. ஆனால் நான் வரமாட்டேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே, கோபம் விமானத்திலேயே தீர்ந்துவிட்டது. உன் வீட்டில் உட்கார்ந்து உன் குழந்தைக்குப் பால் புகட்டும்போது அந்தப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்கும், உனக்கும் கேட்கும். அதைவிட ஒரு ஆயாவை வைத்துக்கொள்வது நல்லது. சீருடை தைக்கும் பட்டறையில் எனக்கு ஒரு மெஷின் தருகிறோம் என்றிருக்கிறார்கள், மேல்மாடியில் தையல் பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டிலும் உண்டு. அடுத்த வாரம் போகிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ரோஷத்தில் போக வேண்டாம் என்பாள், ஆனால் அவள் மனசுக்குள் நிம்மதியாக இருக்கும். அந்தத் துணிகளையெல்லாம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போதைய அளவு அதற்கு நன்றாகப் பொருந்துகிறது, மற்றதை வளர வளரப் போட்டுக்கொள்ளும்.

மருமகளைக் கடிந்து பேசாதே. நீ ஃபோனில் அதிகாரியிடம் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்காது, தெரியவும் வேண்டாம். குழந்தையைப் பால் பாட்டிலோடு தூங்க விடாதே, காதுக்கு ஆகாது. குளிரில் தலையை மூடு. பணம் எதுவும் அனுப்பாதே. நீங்கள் மூன்று பேரும் அந்த ஊரில் காலூன்றி, யாருக்கும் பயப்படாமல் நல்லபடியாக இருக்க என் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. குழந்தை பேச ஆரம்பித்ததும், அப்பாவின் அம்மா ஏன் வரவே இல்லை என்று கேட்கும். அன்றைக்கு அதிகாரியிடம் என்ன சொன்னாயோ அதையே சொல். என்னிடம் கேட்டாலும் நானும் அதைத்தான் சொல்வேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் சந்தேகம் வராது.

உன் நன்மையையே நினைக்கும்
அம்மா