அப்பா எந்த வீட்டில் இருக்கிறார்?

டோர்செட் பார்க்
3 மார்ச் 2025

அண்ணா,

எங்கடை வீட்டைப் பறிச்சது நீங்கள்தான்.

அப்பாவைப் பார்க்கிற ஆளுக்கெண்டு அரசாங்கம் குடுக்கிற பராமரிப்புக் காசை உங்கடை பெயரிலை எடுத்திருக்கிறியள். அவர் றிச்மண்ட் ஹில்லிலை உங்களோடை இருக்கிறாராம்! அப்ப, பாரிசவாதம் வந்த நாளிலையிருந்து இங்கை நான் குளிக்க வார்க்கிறது ஆரை?

அவரைப் பார்க்கிறதாலை வேலைக்குப் போகேலாதெண்டு எனக்குத் தந்த வெல்பெயர் உதவிக்காசை, அப்பா என்னோடை இல்லையெண்டு வெட்டிப்போட்டினம். தனி ஆளுக்கு ரெண்டு அறை எதுக்கெண்டு சலுகை வாடகையையும் நிப்பாட்டுகினம். மாதம் முடிய வெளிக்கிட வேணும். போன் அடிச்சால் எடுக்கிறியள் இல்லை. அதுதான் ஈமெயில்.

நிரூபா

றிச்மண்ட் ஹில்
6 மார்ச்

அன்புத் தங்கச்சிக்கு,

கோபத்தைக் குறை. உனக்கு வெட்டு விழுமெண்டு சத்தியமாய்த் தெரியாது. அண்ணிக்கு வேலை போனது உனக்குத் தெரியும். வீட்டுக் கடன், மோட்கேஜ், கழுத்தை நெரிக்குது.

ஃபோமிலை கைநாட்டு வைச்சது அப்பா. "மூத்தவனோடை இருக்கிறன் எண்டே எழுது" எண்டு சொன்னதும் அவர்தான். வெள்ளிக்கிழமையிலை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அங்கை வாற மங்கையற்கரசி அன்ரிக்கும் அதைத்தானே சொல்லுறவர். அந்த மனுசன்ரை ஆசை. ரெண்டு மாதம் பொறு, பார்ப்பம்.

அன்புடன்,
பிரவீனன் அண்ணா

14 மார்ச்

அண்ணா! வழி பிடிபட்டிட்டுது!

இலவசச் சட்ட உதவி நிலையத்திலை அட்சயா எண்டொரு பிள்ளை. வயசு என்னைவிடக் குறைவு, வாய் என்னைவிடக் கூட. கடிதமெல்லாத்தையும் மேசையிலை பரப்பிப்போட்டு, "அக்கா, இதை வெல்லலாம்" எண்டு சொன்னா!

நீங்கள் உங்கடை பெயரை விலக்கி, "அப்பாவைப் பார்க்கிறது நிரூபா" எண்டு ஒரு வரி எழுதித் தந்தால் வெட்டினது திரும்ப வரும், வீடும் நிக்கும். பராமரிப்புக் காசையும் நான் கேக்கலாமாம், ஆனால் அவ்வளவையும் வெல்பெயரிலை கழிப்பினமாம். என்ன நியாயம் இது! அது வேறை சண்டை. அதையும் பிடிப்பன்.

அதை விடுங்கோ, இதைக் கேளுங்கோ. என்னோடைதான் இருக்கிறன் எண்ட கடிதத்திலை அப்பா கையெழுத்து வைச்சிட்டார்! முதல் மாட்டன் எண்டார்.

"மகள் பாக்கிறாளெண்டு எழுதினால் சனம் மூத்தவனைப் பற்றி என்ன கதைக்கும்?"

"சனம் வந்து உங்கடை பம்பஸை மாத்துமே?" எண்டு கேட்டன்.

சிரிச்சிட்டார், அண்ணா! வருத்தம் வந்தபிறகு இதுதான் முதல் சிரிப்பு. உங்களுக்குக் கைநாட்டு வைச்ச மனுசன், எனக்கு இடக்கையாலை, நாக்கைத் தள்ளிக்கொண்டு, பத்து நிமிசமாய்த் தில்லையம்பலம் எண்டு முழுப்பெயரும் எழுதினார். "லை" மட்டும் கோட்டுக்கு வெளியாலை ஓடிப்போச்சு. நான் கைதட்டினன்.

வாற வெள்ளி, 21ஆம் திகதி, பத்து மணிக்கு அப்பீல் விசாரணை. அந்த வரியை எழுதிக்கொண்டு வாங்கோ. எங்கள் மூண்டு பேரையும் உங்கடை காரிலையே ஏத்திக்கொண்டு போங்கோ. அட்சயாவும் இங்கைதான் வருவா.

உங்கடை தங்கச்சி
நிரூபா

17 மார்ச்

நிரூபா,

எடுத்த காசைத் திருப்பிக் கேட்டால் நான் எங்கை போக? பொய் எழுதினனெண்டு கேஸ் போட்டால்? அண்ணி அழுதபடி இருக்கிறா. யோசிச்சுச் சொல்லுறன்.

அண்ணா

21 மார்ச், காலை 8.40

அண்ணா,

திருப்பிக் கட்டுறதைத் தவணையாய்க் கேக்கலாம், உங்களுக்காகவும் தானே கதைக்கிறதாய் அட்சயா சொல்லுறா. ஒளிக்கிறதைவிட நீங்களாய்ச் சொல்லுறதுதான் நல்லதாம்.

அப்பா விடியவே எழும்பிக் கோயில் வேட்டியைக் கட்டிவிடச் சொன்னார். இப்ப யன்னலடியிலை சக்கர நாற்காலியிலை இருக்கிறார். கீழை வெள்ளைக் கார் வரேக்கையெல்லாம், "உந்தா, மூத்தவன்!" எண்டுறார். நானும் எட்டி எட்டிப் பார்க்கிறன்.

நிரூபா

21 மார்ச், காலை 9.25

அண்ணா,

டாக்சி வந்திட்டுது. அப்பா ஏறமாட்டாராம். "பொறு பிள்ளை, அவன் வருவான்" எண்டு யன்னல் விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறார். அட்சயா மணிக்கூட்டைப் பார்க்கிறா.

நீங்கள் வரவும் வேண்டாம். அந்த ஒரு வரி. இப்ப எழுதி அனுப்புங்கோ.

நிரூபா