கையுறைக்காரர் வந்து போனார்

என் பூச்சி,

மண்டை வழுக்கையாகி நீயே ஒரு பிள்ளைக்கு அப்பனான பிறகும் உன்னை நான் இப்படித்தான் கூப்பிடுவேன், கோபத்தில் இருக்கும்போதும் இப்படித்தான். இங்கே நானும் உன் தங்கச்சியும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்குப் பேர் சௌக்கியம் என்றால் சௌக்கியம். நீங்கள் மூன்று பேரும் உண்மையாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்றாய், கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைப்பான், பார்த்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வண்டியை விற்றுவிடுங்கள், அதைப் பார்த்துப் பார்த்து அம்மா அழுவாள் என்று உன் தங்கச்சியிடம் சொல்லி, அங்கே உட்கார்ந்தபடியே ஒரு ஆளையும் ஏற்பாடு செய்து அனுப்பினாயே, அவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்த வண்டியைப் பார்த்து நான் அழுதேன் என்று உனக்கு யார் சொன்னது? வாங்கி வந்த நாளிலிருந்து அதைத் திட்டித்தான் எனக்குப் பழக்கம். டேங்கின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி. பின் சீட்டு என்று பேருக்கு உள்ளங்கை அகலம், அதில் உட்காருகிறவள் முட்டி இரண்டையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தவளை மாதிரிப் போக வேண்டும். நான் வேலை பார்க்கிற சலவைக்கடையின் ஈரத்தரையில் விழுந்து என் வலது முட்டி மடங்காமல் போனதும் அந்த யோகமும் போயிற்று. மனுஷன் வண்டி வாங்கவில்லை, தன் ஒருத்தர் உடம்புக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வேன். அவர் காதில் விழாத மாதிரி துடைத்துக்கொண்டே இருப்பார். நான் வேலைக்கு பஸ்ஸில் போவேன், அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவர் வண்டியை உருட்டிக்கொண்டு வருவார். உங்க வீட்டுக்காரர் காவலுக்கு வர்றாரு என்று கண்டக்டர் சிரிப்பான். எனக்கு மானம் போகும்.

அந்த வண்டியைத்தான் புதுசாக்குகிறேன் என்று பிரித்துப் போட்டார். ஒரு நட்டு பாக்கியில்லாமல் பிரித்து, என் சமையலறை டப்பாக்களைப் பிடுங்கி, இந்த டப்பாவில் இது, அந்த டப்பாவில் அது என்று அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கில் அடுக்கிவைத்தார். மறுபடி பூட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுக்கப் பாத்திரம் போதவில்லை என்று உன் அத்தை, அந்தப் புண்ணியவதி, அண்ணன் அடுக்கி வைத்ததை எல்லாம் ஒரே வாளியில் கொட்டிவிட்டு டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தாள். காபியில் கிரீஸ் வாசம். துக்க வீடாயிற்றே என்று ஒருத்தரும் வாய் திறக்காமல் குடித்தார்கள்.

உன் தங்கச்சி மருந்துக்கடையிலிருந்து வந்ததும் வராததுமாக அந்த வாளியோடு உட்காருவாள். படம் போட்ட புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, மாத்திரை பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு போல்ட்டாகப் பிரித்தாள். கார்புரேட்டரை என் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள், என்னைக் கேட்கவும் இல்லை. எல்லாம் பூட்டி முடிந்தது, வாளியின் அடியில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு இரும்பு மட்டும் மிச்சம். அது எந்தப் படத்திலும் இல்லை. வலது பக்கம் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டுக்குத்தான் அதன் ஓட்டை பொருந்தியது. இடது பக்கத்துக்கு ஜோடி தேடினாள், இல்லை. அப்பா செஞ்சு வெச்சதை நான் எதுக்கு மாத்தணும் என்று அப்படியே பூட்டினாள். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே தொங்கியது. தூக்கக் கலக்கத்தில் வெல்டு வைத்தவன் வேலை என்றேன் நான்.

உன் ஆள் அந்த வெயிலில் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். டேங்கை ஒற்றை விரலால் தட்டினார், எஞ்சினைப் போடச் சொல்லிக் கச்சேரி கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் போனதும் முகம் மாறியது. “எந்தக் கிறுக்கன் வேலைங்க இது? வண்டியோட அழகே போச்சு. இதை அறுத்துட்டுத் தாங்க, எடுத்துக்கறேன்” என்றார். உங்கப்பாவைக் கிறுக்கன் என்று சொல்ல இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உரிமை, அதை அந்த ஆளிடமே சொன்னேன். அவர் பயந்துபோய், தப்பா எடுத்துக்காதீங்கம்மா என்று குரலைத் தாழ்த்தி, “கால் மடக்க முடியாதவங்களை உட்கார வைக்கணும்னாதான் இப்படிச் செய்வாங்க. நல்ல கால் உள்ளவங்களுக்கு இது எதுக்கு?” என்றார்.

உன் தங்கச்சி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தாள். நானும் என் காலைத்தான் பார்த்தேன்.

அவரை அனுப்பிவிட்டு முக்காலி போடச் சொல்லி ஏறினேன். வலது கால் நீட்டினபடியே போய் அந்த ஃபுட்ரெஸ்ட்டில் உட்கார்ந்தது, ஒரு விரல்கடை கூடக் குறையக் கிடையாது. சாயங்காலத்தில் உங்கப்பா எனக்குத் தைலம் தேய்த்துவிடும்போது முட்டியிலிருந்து குதிகால் வரைக்கும் சாண் போட்டுப் பார்ப்பார். என்ன, துணியா கிழிக்கப் போறீங்க என்று கேட்பேன், மறுபடி முதலிலிருந்து சாண் போடுவார்.

உன் தங்கச்சி ஓட்ட, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்வந்தோம். பல் ஆடுகிறது, தொடை சுடுகிறது, உன் தங்கச்சி எனக்கு வாங்கின ஹெல்மெட் பூசணிக்காய் அளவு. திரும்பும்போது முன்னால் ஒரு பஸ் போனது, முந்த வேண்டாம், பின்னாலேயே போ என்றேன். அதனால் வண்டி விற்பனைக்கு இல்லை. இனி யாரையும் அனுப்பாதே, கையுறை போட்டவரையும் சரி, போடாதவரையும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசு, உங்கப்பா மாதிரி துடைத்துக்கொண்டே இருக்காதே. உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும். அத்தைக்கு போன் பண்ணு, வாளிப் பேச்சை மட்டும் எடுக்காதே.

உன் அம்மா

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். அவர் வண்டியைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டுதானே இருந்தேன், இது உனக்குத்தாண்டி என்று ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்?