சபையின் சம்மதம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் எழுதும் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறேன், வழக்கம்போலப் பிழை திருத்திக் கொடு. பழங்காலத்தில் ஒரு நகரத்தில், சாக விரும்புகிறவன் சபை முன்னால் வந்து காரணம் சொல்ல வேண்டுமாம். அது நியாயம் என்று சபை ஒப்புக்கொண்டால்தான் அனுமதி. புகை மண்டிய அறையை விட்டு வெளியேற யாரைக் கேட்க வேண்டும் என்றார்கள் சிலர். காவலுக்கு நின்றவன் பாதியில் போகலாமா என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்தையும் நானே வாதாடிப் பார்க்கிறேன். எதிரே என் மனைவியின் நாற்காலி. அவள் போய் இரண்டு வருஷமாகியும் அதை நகர்த்த மனம் வரவில்லை.

உன் தம்பி

ஜூன் 9

என் வாயாடி வக்கீலுக்கு,

முப்பது வருஷம் காலேஜில் தத்துவம் நடத்தியவன் எழுத்தா இது? பக்கத்துக்குப் பத்துப் பிழை. அத்தியாயம் பூராவும் சாகப் போகிறவர்களே பேசுகிறார்கள். வீட்டில் மிச்சமிருந்தவர்களை ஒருத்தராவது கூப்பிட்டுக் கேட்டார்களா? முதலில் அதை எழுது. பக்கத்து வீட்டு டீச்சர் போன் செய்தார். பூந்தொட்டிகளையெல்லாம் அவரிடம் கொடுத்துவிட்டாயாமே, ஏன்டா? நேரத்துக்குச் சாப்பிடு. நான் கூப்பிட்டால் போனை எடு.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. முதலாவதில் வழக்கமான திட்டு. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "தம்பி, உன் காரணங்கள் நியாயமானவை. எனக்கு ஆட்சேபம் இல்லை. நிம்மதியாகப் போய் வா." நீ இவ்வளவு சாந்தமாக எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை. நேற்று நாற்காலியும் சரி என்றது. சபை முழுவதும் சம்மதித்துவிட்டது அக்கா. புத்தகத்தை இனி நீ பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 17, காலை

டேய் தம்பி,

உன் கடிதத்தை இப்போதுதான் பிரித்தேன். நீ போனை எடுக்கவில்லை. டீச்சர் உன் வாசலில் நிற்கிறார், கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாயாம். நான் போனில் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். இதைக் கதவுக்கு அடியில் தள்ளுவார், படி.

நான் எழுதியது ஒரே ஒரு கடிதம். ஒரு திட்டுகூட இல்லாத கடிதத்தை நானாடா எழுதுவேன்? அந்த இரண்டாவது உறையை எடுத்துப் பார். தபால் முத்திரை இருக்கிறதா? யார் கையெழுத்து?

மனு கொடுத்ததும் நீ, தீர்ப்புச் சொன்னதும் நீ. எதிர்த்துப் பேச ஓர் ஆள் இல்லாத இடம் சபையா? எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. நீ இல்லாமல் என்னால் முடியாது, இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் பேசிவிட்டேன். மத்தியானத்துக்குள் நான் அங்கே இருப்பேன். அதுவரை டீச்சரை அந்த நாற்காலியில் உட்கார வை.

உன் அக்கா

அக்கா,

இதே தாளின் பின்பக்கத்தில் எழுதி வெளியே தள்ளுகிறேன், டீச்சர் உனக்குப் படித்துக் காட்டட்டும். உறையைப் பார்த்தேன். முத்திரை இல்லை. கையெழுத்து என்னுடையது. எழுதிய ஞாபகம்தான் இல்லை.

பயமாக இருக்கிறது அக்கா. கதவைத் திறக்கிறேன். சீக்கிரம் வா.

தம்பி