சுவர்ப்பக்கத் துரு

இன்று வெங்காயம் நறுக்கி, ஊற வைக்க வினிகர் ஊற்றினேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் கல்பாக்கத்தில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வாசல் கண்முன் வந்துவிட்டது. சிமெண்டுத் தரையில் குந்தி, நீயும் நானும் ஒரு பொம்மைத் துப்பாக்கிக்கு வயது ஏற்றிக்கொண்டிருந்த பின்வாசல். பழசையெல்லாம் மறந்துவிட்டு நிம்மதியாக இரு என்கிறார்கள் எல்லாரும். உன்னை மறந்து வரும் நிம்மதி எனக்கு வேண்டாம்.

தொண்ணூறுகளில் கணவரின் வேலைக்காக நெல்லையிலிருந்து கல்பாக்கம் வந்தவள் நான். நீ செய்யூர்ப் பக்கத்தில் கூலிக் குடும்பத்தில் பிறந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வகுப்பில் பழகினோம். அங்கிருந்தே நாடகம் போடவும் கிளம்பினோம். அந்த வருடம் நீ எழுதியது உன் அம்மாவின் கதை.

உன் ஊரின் பெரிய வீட்டில் உன் அம்மா வேலை செய்த காலத்தில், கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அந்த வாசலில் நின்றார்கள். வீட்டுப் பெரியவர் துப்பாக்கியை நீட்டினார். சுடவில்லை. ஆனால் சிதறி ஓடிய கூட்டத்தில் மிதிபட்டு உன் மாமாவின் கால் போனது. விசாரணைக்கு ஆள் வந்தபோது, எங்கள் வீட்டில் துப்பாக்கியே கிடையாது என்று பெரிய வீடு சாதித்தது. பார்த்தவர்கள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். உன் அம்மா ஒருத்திதான், "கீதுங்க, நான்தான் தொடைக்கிறேன்" என்று சொன்னார். அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. பொய்க்காரி என்ற பெயர் வந்தது. பயந்தவர்களும் அதே பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

நாடகத்துக்காக, சென்னையில் சினிமாச் சாமான் விற்கும் கடையில் நான் ஒரு இரட்டைக்குழல் பொம்மை வாங்கி வந்தேன். இரும்புதான், ஆனால் குழலில் ஓட்டை கிடையாது. மேலே கறுப்புப் பூச்சு மின்னியது. நீ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "இன்னாமே இது, கல்யாண மாப்ள கணக்கா மினுக்குது?"

எமரித் தாள் வைத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்தோம். வினிகரில் உப்பைக் கரைத்து, துணியில் நனைத்துச் சுற்றி வைத்தோம். மறுநாள் பிரித்தால் செங்கல் நிறத்தில் துரு பூத்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நீ உதட்டைப் பிதுக்கினாய். "இது மழையில கெடந்த சைக்கிளு. வூட்டுல தொங்குன துப்பாக்கி இல்ல." தூளைத் துடைத்துவிட்டு, கொதிக்கக் கொதிக்கத் தேயிலைச் சாற்றை ஊற்றினாய். துரு கறுத்து, பழுப்பேறி, இரும்போடு ஒட்டியது. அதன் மேல் தேங்காய் எண்ணெய்.

அப்போதும் நீ விடவில்லை, அம்மாவைக் கூட்டிவந்தாய். அவர் துப்பாக்கியை மடியில் கிடத்தி வெகுநேரம் பார்த்தார். "அது ரெண்டு ஆணியில படுத்துனு கெடக்கும். இந்தப் பக்கம் என் துணி போவும், அதனால பளபளன்னு இருக்கும். சுவத்துப் பக்கம் எவன் தொடைப்பான்? அங்கதான் துரு." ஒரு பக்கத்தை எஃகுக் கம்பி நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். மறுபக்கத்தைத் துருவுக்கு விட்டோம். ஆணி உராய்ந்த தடங்களை அரத்தால் நீ ராவினாய். அந்தப் பெரிய வீட்டு இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதெல்லாம் உன் அம்மாவின் கைதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆடித் திருவிழாவில், உங்கள் ஊர் அம்மன் கோயில் முன்னாலேயே நாடகம். பெரியவர் செத்துப்போயிருந்தார். அவர் மகன் முதல் வரிசை நாற்காலியில். மேடையில் துப்பாக்கியை நீட்டும் கட்டம் வந்தது. அந்த மனுஷன் எழுந்தார், மேடையேறினார், துப்பாக்கியைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். சுவர்ப்பக்கத் துருவையும் ஆணித் தடங்களையும் கண்டதும் முகம் சிவந்தது.

"இது எங்க வூட்டு துப்பாக்கி! எங்க அப்பாரு துப்பாக்கி! திருடிக்கினு வந்துட்டாளுங்க!"

நீ நிதானமாக மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாய். "யாரு வூட்டுதுங்க? எல்லாருக்கும் கேக்கட்டும்."

"எங்க வூட்டுது!"

பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். "இன்னா சார், இதுல ஓட்டையே இல்ல. பொம்ம சார் இது."

அவர் கையிலிருந்து நீ அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரியவர் மகனைப் பார்த்தாய். "உங்க வூட்ல துப்பாக்கியே இல்லன்னுதான சொன்னீங்க? அப்ப எங்கம்மா அத்தினி வருசமா எதத் தொடச்சிகினு இருந்துச்சு?"

அவர் மேடையிலிருந்து இறங்கிப் போனார். ஊர்ச் சனம் முழுக்க உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையைப் பார்த்துக் கத்தினார்: "இன்னா நின்னுகினு கீறீங்க? மீதியப் போடுங்கமே!"

போட்டோம். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவரைப் பொய்க்காரி என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

சில வருடங்களில் புற்றுநோய் உன்னைத் தின்றது. நீ வேலை பார்த்த வார்டிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். "எங்கம்மா வேஷத்த இனிமே நீ போடு" என்றாய். உன் பேச்சு எனக்கு வராது என்றேன். "வராட்டி போவுது. வாயத் தொற, போதும்."

நீ போன மறு வருடம், வேடந்தாங்கல் பக்கம் ஒரு ஊரில் நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய் இறங்கியதும் விழாக் கமிட்டிக்காரர் சொன்னார், "துப்பாக்கி சீன் மட்டும் வேணாங்க. பழைய கத, எதுக்குப் பேஜாரு?"

"அது இல்லாம நாடகம் இல்லைங்க."

"அப்ப மைக் கெடையாது."

மைக் இல்லாமலே போட்டோம். "பெரிய வூட்டு துப்பாக்கிய நான் தொடச்சவ" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். 'வூட்டு' என் நெல்லை நாக்கில் கோணலாக வந்து விழுந்தது. முன்னால் யாரோ சிரித்தார்கள். நான் இன்னும் ஓரடி முன்னால் வந்து, சிரித்தவர் முகத்தைப் பார்த்து, அதையே மறுபடியும் சொன்னேன்.