முன்னால் ஓடுகிறவன்

மார்ச் 4

மாடி வீட்டு லிப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

நீ கொடுத்தனுப்பிய ஷூ பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்புகிறேன். பதினோரு வருடம் என்னோடு வெறுங்காலில் ஓடியவன், என் கால் எலும்பு கூடிய கையோடு எனக்கு ஷூ வாங்கித் தருகிறாய். குத்திக்காட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டும்.

நமக்கு இருந்தது ஒரே விதி. முன்னால் ஓடுகிறவன் கண்ணில் பட்டதைக் கத்திச் சொல்ல வேண்டும். ‘கல்லு’, ‘கண்ணாடி’, ‘ஆணி’. பின்னால் வருகிறவன் காலை மாற்றி வைப்பான். அக்டோபர் ஒன்பதாம் தேதி, தபால் நிலையத் திருப்பத்தில் கிடந்த அரைச் செங்கல்லை நீ தாண்டிப் போனாய். வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. பதினான்கு அடி பின்னால் வந்த நான் அதை மிதித்து, கால் புரண்டு விழுந்தேன். பாதத்தில் இரண்டு எலும்பு போயிற்று. நான் நில அளவையாளன். பதினான்கு அடி என்றால் பதினான்கு அடிதான்.

நாளை முதல் புல்தரையில் ஐந்து நிமிடம் ஓட மருத்துவர் அனுமதித்திருக்கிறார். தனியாகத்தான் ஓடுவேன்.

இதை உன் அக்கா கொண்டுவருவாள். “பன்னெண்டு படி ஏறிப் போய் வாயால சொன்னா தேஞ்சா போயிடுவீங்க?” என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

மார்ச் 5

அன்புள்ள அத்தானுக்கு,

பெட்டி வந்தது. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டாராம். எனக்கோ அது ஓர் அங்குலம் பெரியது.

காலையில் நீங்கள் எதிர்ப் பூங்காவில் ஓடியதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஓடினீர்களா, தொலைத்த சாவியைத் தேடினீர்களா என்று சந்தேகமாக இருந்தது. அப்படித் தரையையே பார்த்துக்கொண்டு ஓடினால் கழுத்து போய்விடும்.

ஒன்பதாம் தேதியைச் சொல்கிறீர்கள், எட்டாம் தேதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? பூங்கா வாசலில் நாலு பேர் நிற்கும்போது, “என்னமோ கிழவனைக் கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி கத்திட்டே வர்றே. எனக்குக் கண்ணு இருக்குடா. வாயை மூடிட்டு ஓடு” என்றது யார்? ஓடிய கதையைத் தினமும் குறிப்பேட்டில் எழுதுகிறவர்தானே நீங்கள். எடுத்துப் பாருங்கள்.

அடுத்த கடிதத்தை அக்கா பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவாளாம்.

உங்கள் மைத்துனன்

மார்ச் 9

மைத்துனனுக்கு,

நான்கு நாள் எடுத்துப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். எட்டாம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘ஆறு கிலோமீட்டர். மைத்துனன் கத்தல் தாங்கவில்லை. கண்டித்தேன்.’

ரப்பரைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவைப் புத்தகத்தில் எழுதியதை அழிப்பது எங்கள் தொழிலில் குற்றம். இருபத்தாறு வருடப் பழக்கம், கை ஓடவில்லை.

சரி, சொன்னேன். ஆனால் ஒன்றுக்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அந்தக் கல்லை நீ பார்த்தாயா, இல்லையா? பார்க்கவில்லை என்றால் இதோடு விட்டுவிடுகிறேன்.

உன் அக்காவின் கணவன்

மார்ச் 10

அத்தான்,

பார்த்தேன்.

‘கல்லு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். முந்தின நாள் அந்த நாலு பேர் சிரித்தது ஞாபகம் வந்தது. கண்ணு இருக்குன்னாரே, பார்த்துக்கட்டும் என்று மூடிக்கொண்டேன். ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் நீங்கள் விழுந்த சத்தம் கேட்டது.

பார்க்கவில்லை என்று எழுதினால் இன்றைக்கே முடிந்துவிடும். மூன்று தாள் அப்படித்தான் எழுதிக் கிழித்தேன். ஐந்து மாதமாக நானும் ஓடவில்லை, நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. ஷூ வாங்கியது குத்திக்காட்ட இல்லை. என் வாயை நம்பி இனி நீங்கள் வெறுங்காலோடு ஓட வேண்டாம் என்றுதான்.

உங்கள் மைத்துனன்

மார்ச் 17

மாப்பிள்ளை,

ஒரு வாரமாக உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று நீ காத்திருக்கவும் வேண்டாம். உன் கல்யாண போட்டோவில் என்னை ஓரத்தில் நிறுத்தி, பாதி முகத்தை வெட்டியதே எனக்கு இன்னும் ஆறவில்லை.

தனியாக ஓடிப் பார்த்தாயிற்று. உள்ளங்கால் பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு காய்ந்த சருகு குத்தினால்கூட நின்றுவிடுகிறேன். குனிந்து குனிந்து கழுத்தும் பிடித்துக்கொண்டது. நீ சொன்னபடியே நடந்தது என்பது அதைவிட வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டே உன் அக்கா சொல்கிறாள்: “அடி பட்டது உங்க கால்ல. ஆனா கோளாறு ரெண்டு பேருக்கும் மேல, தலையில.”

வியாழக்கிழமை காலை ஆறு மணி, பூங்கா, பத்து நிமிடம். ஷூவை யாருக்காவது கொடுத்துவிட்டு வா. நீ முன்னால் ஓடு. குச்சி கிடந்தாலும் கத்து. “தெரியுதுடா, தெரியுது” என்று நான் எரிந்து விழுவேன்.

அதைக் கேட்டு நிறுத்திவிடாதே.

அத்தான்