ஓவனுக்குள் பேரிக்காய்

1983 ஆகஸ்ட் 28, ஞாயிறு

மகள் தேவி ஆசையாகக் கேட்டதால், அவள் வளைகாப்புக்கென்று ஏற்காட்டிலிருந்து ஒரு கூடை பேரிக்காய் வரவழைத்திருந்தோம். வியாழனன்று குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. நேற்றுதான் தேவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்.

இன்று மத்தியானம் என் மனைவி சரோஜா அந்தக் காய்களைச் சீவி ஓவனில் உலர்த்திக்கொண்டிருந்தாள். எந்த வத்தலையும் மொட்டைமாடியில் காயப்போடுகிறவள்.

"வெயில்தான் கொளுத்துதே?" என்றேன்.

"மாடியில போட்டா, இத்தன பழம் ஏது, ஊட்டுல என்ன விசேஷம்னு கேப்பாங்கங்க."

வாசனை வீடெங்கும் பரவியது. உள்ளறையிலிருந்து தேவி கேட்டாள்: "அடுப்படியில என்னம்மா?"

"கேக்கு, சாமி."

"பொய் சொல்லாதம்மா. நாங் கேட்ட பேரிக்காதானே?"

சரோஜா சுவிட்சை அணைத்தாள். பாதி காய்ந்த துண்டுகள் இன்னும் ஓவனுக்குள்ளேயே கிடக்கின்றன. வெளியே எடுத்தால் எங்கே வைப்பதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.